ஹேகிஸ் ஒருமுறை களியாகவும் மறுமுறை மரத்தூளாகவும் போவது ஏன்?

கிளாஸ்கோவில் குடியிருக்கும் ஒருவர் கேட்டிருப்பது இது: கடை ஹேகிஸ் பிடித்துப்போய் வீட்டில் இரண்டு முறை செய்து பார்த்திருக்கிறார். (ஆட்டின் ஈரல், இதயம், நுரையீரலை ஓட்ஸ், கொழுப்போடு கலந்து, இரைப்பையில் அடைத்து வேகவைக்கும் ஸ்காட்லாந்துச் சமையல்தான் ஹேகிஸ்.) முதல் முறை ஓட்ஸ் கரைந்து களியாகிவிட்டது. அடுத்த முறை கொழுப்பைக் குறைத்தார், மரத்தூள் மாதிரி உதிர்ந்தது. நுரையீரலும் இரைப்பையும் இல்லாமல் செய்ததுதான் காரணமா, ஸ்காட்லாந்துக் கறிச் சமையலை வீட்டில் எதிலிருந்து தொடங்கலாம் என்பது கேள்வி. நுரையீரலைப் பற்றிக் கேட்பதுபோல் தெரிந்தாலும், இது பதத்தைப் பற்றிய கேள்வி. அந்த ஊர்க் கறிச் சமையலில் மசாலா குறைவு. மிளகு, ஜாதிக்காய், ஜாதிபத்திரி, வெங்காயம், உப்பு என்று ஒரு கையில் எண்ணிவிடலாம். அதனால் தவறை மறைக்க அங்கே எதுவும் இல்லை. தானியம், கொழுப்பு, தண்ணீர் மூன்றும் சரியான கணக்கில் இருந்தால் ருசி தானாக வரும். ஒன்று பிசகினாலும் வாயில் வைத்ததுமே தெரிந்துவிடும்.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியது: நுரையீரல் இல்லாததால் களியாகவில்லை. உங்கள் கேள்வியில் ‘ஓட்ஸ்’ என்று மட்டும் இருக்கிறது. அது காலைக் கஞ்சிக்கு வாங்கும் தட்டையான ஓட்ஸாகத்தான் இருக்கும். அதை ஆலையிலேயே ஆவியில் வேகவைத்து உருளையில் நசுக்கித் தட்டையாக்கிவிடுகிறார்கள். சூடான சாறு பட்டதும் மாவுச்சத்தை விட்டுக் கூழாவதற்கென்றே செய்த பொருள் அது. ஹேகிஸுக்கு வேண்டியது பின்ஹெட் ஓட்மீல், அதாவது முழு மணியை இரண்டு மூன்றாக வெட்டியது. இந்தியாவில் ஸ்டீல் கட் ஓட்ஸ் என்று விற்பதும் இதுதான். அதோடு மீடியம் ஓட்மீல் என்ற ரவைப் பதமான அரைவையும் கொஞ்சம் வேண்டும். இரண்டு பங்கு பின்ஹெட்டுக்கு ஒரு பங்கு மீடியம் என்ற கணக்கு நன்றாக வரும். பெரிய மணி கடிபடும், சிறியது கறியைப் பிடித்துக்கொள்ளும். இரண்டையும் அகலத் தட்டில் பரப்பி 150 டிகிரி செல்சியஸ் ஓவனில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் வறுத்துக்கொள்ளுங்கள். உப்புமாவுக்கு ரவையை எதற்கு வறுக்கிறோமோ அதே காரணம்தான்: மணி ஒன்றோடொன்று ஒட்டாது, வாசனையும் ஏறும். நிறம் மாறத் தொடங்கியதும் எடுத்துவிடுங்கள். சிவக்க விட்டால் கசக்கும்.

மரத்தூளாக உதிர்ந்ததற்குக் காரணம் கொழுப்பைக் குறைத்தது. அங்கே வேண்டிய கொழுப்பு சூயெட், அதாவது மாட்டின் சிறுநீரகத்தைச் சுற்றியிருக்கும் கெட்டிக் கொழுப்பு. வெண்ணெயைவிட அதிகச் சூட்டில்தான் அது உருகும். அதனால் ஓட்மீல் சாற்றைக் குடித்து ஊதுகிற வரை துணுக்குகளாக நின்றுவிட்டு, பிறகு மெல்ல உருகி மணிகளுக்கு நடுவே இறங்கும். எண்ணெயோ வெண்ணெயோ ஊற்றினால் முதலிலேயே ஓட்மீலைப் பூசிவிடும்; மணி சாறு குடிக்காது, கறி தனி, மணி தனி என்று நிற்கும். கடையில் பொட்டலமாக விற்கும் துருவிய சூயெட் ஒட்டாமலிருக்க அதில் கோதுமை மாவு கலந்திருப்பார்கள். பயன்படுத்தலாம், ஆனால் மீடியம் ஓட்மீலில் இரண்டு கரண்டி குறைத்துக்கொள்ளுங்கள். கறிக்கடையில் கேட்டால் பச்சைச் சூயெட் கிடைக்கும், விலையும் அதிகமிருக்காது. ஃப்ரீசரில் அரை மணி வைத்துக் கெட்டியானதும் துருவி, இடையிலுள்ள வெள்ளைச் சவ்வுகளைக் களைந்துவிடுங்கள். மாடு சாப்பிடாதவர்கள் ஆட்டுச் சிறுநீரகக் கொழுப்பைக் கேட்டு வாங்கலாம். அதற்கு ஆட்டு வாடை கூடுதல், ஆறினால் அண்ணத்தில் ஒட்டும். அதனால் ஆவி பறக்கப் பரிமாறியாக வேண்டும்.

இப்போது நுரையீரல். ஈரல், இதயம், நுரையீரல் மூன்றும் மூச்சுக்குழாயோடு ஒன்றாகத் தொங்கும் ஈரல்குலைதான் மரபான ஹேகிஸின் அடிப்படை. ஸ்காட்லாந்தில் இது சட்டப்படி விற்கப்படும் பொருள். சூப்பர் மார்க்கெட்டில் இராது. கறிக்கடையில் சில நாள் முன்பே சொல்லிவைக்க வேண்டும். கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் நினைவாக ஹேகிஸ் பரிமாறும் ஜனவரி 25 பர்ன்ஸ் இரவுக்கு முந்தைய வாரங்களில் கடைக்காரர்களுக்கே தட்டுப்பாடு வரும். அமெரிக்காவில் இருப்பவர்கள் இதைப் படித்தால்: அங்கே 1971 முதல் விலங்கின் நுரையீரலை மனித உணவாக விற்கத் தடை உண்டு, ஆகவே கீழே சொல்லும் மாற்றுதான் வழி. நுரையீரல் தருவது ருசியைவிட இலேசான தன்மையை. வெந்தபின் பஞ்சுபோல் இருந்து சாற்றைப் பிடித்துவைக்கும், ஈரலின் கனத்தைக் குறைக்கும். அதை எடுத்துவிட்டு அதே எடைக்கு ஈரலைச் சேர்ப்பதுதான் பலரும் செய்யும் பிழை. ஈரல் மொத்தக் கறியில் கால் பங்கைத் தாண்டினால் இரும்பு வாடை தூக்கும், பதமும் சுண்ணாம்புபோல் நாக்கில் அப்பும். நுரையீரலுக்குப் பதில் கொழுப்பும் சவ்வுமுள்ள ஆட்டு நெஞ்சுக்கறி அல்லது கழுத்துக்கறி போடுங்கள். நுரையீரல் இல்லாத ஹேகிஸ் ஹேகிஸ்தானா என்றால், மரபில் பிடிவாதமானவர்கள் இல்லை என்பார்கள், ஸ்காட்லாந்து வீடுகளில் பாத்திரத்திலேயே கிண்டிச் செய்பவர்கள் ஆம் என்பார்கள். ஹேகிஸ் அங்கேதான் பிறந்தது என்பதே உறுதியில்லாத சங்கதி. சுமார் 1430ஆம் ஆண்டைச் சேர்ந்த, இங்கிலாந்தின் லங்காஷயர் வட்டாரச் சமையல் குறிப்பு ஒன்றிலேயே அந்தப் பெயர் வந்துவிடுகிறது. எனவே தூய்மை விவாதத்துக்கு அதிகம் மெனக்கெட வேண்டாம்.

முழு ஈரல்குலை கிடைத்தால் ஒரு வேலை இருக்கிறது. ஒன்றரைக் கிலோ சுற்றி எடையிருக்கும். குளிர்ந்த நீரில் இரண்டு மணி நேரம் ஊறவைத்து, உறைந்த ரத்தத்தைப் பிதுக்கிக் கழுவுங்கள். இதயத்தைப் பிளந்து உள்ளறைகளையும் அலச வேண்டும். பெரிய பாத்திரத்தில் வைத்துத் தண்ணீர் ஊற்றி, மூச்சுக்குழாயின் முனையை விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டு, அதன் கீழே ஒரு கிண்ணம் வையுங்கள். கொதி ஏறும்போது நுரையீரலுக்குள் இருக்கும் சளியும் நுரையும் குழாய் வழியே புறப்பட்டு, சொட்டுச் சொட்டாகக் கிண்ணத்தில் விழும். முகம் சுளிக்கவைக்கும் காட்சிதான். ஆனால் அது கிண்ணத்தில் விழாவிட்டால் உங்கள் சாற்றில் விழும். நுரையீரலுக்குள் காற்று இருப்பதால் மிதந்துகொண்டே இருக்கும், மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து அமுக்குங்கள். தளதளவென்று கொதிக்க விடாமல் சிறு குமிழ் வரும் சூட்டிலேயே வையுங்கள். ஈரலை அரை மணியில் எடுத்துவிட்டு, இதயமும் நுரையீரலும் மேலும் ஒன்றரை மணி வேகட்டும். கத்தி முனை தடையில்லாமல் இறங்குவதுதான் கணக்கு. ஈரலையும் கடைசிவரை வேகவிடுகிற வழக்கம் உண்டு. அப்படிச் செய்தால் மணல்போலாகிவிடும், நான் பரிந்துரைப்பதில்லை. தண்ணீரில் உப்புப் போடாதீர்கள், பிறகு அது வற்றும்போது உப்பு கட்டுக்கடங்காது. வெந்ததும் சாற்றை வடிகட்டி, சாறும் கறியும் சீக்கிரம் ஆற அகலப் பாத்திரத்தில் வைத்து, ஃப்ரிட்ஜில் ஓர் இரவு வையுங்கள். மறுநாள் கறி இறுகி நிற்கும், அரைக்க எளிது. மூச்சுக்குழாய், கிளைக்குழாய்களின் குருத்தெலும்பு, இதயத்தின் நரம்புகள் எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிடுங்கள். ஈரலில் பாதி போதும்.

எட்டுப் பேருக்கான அளவு: வெந்து சுத்தம் செய்த கறி 800 கிராம், வறுத்த ஓட்மீல் 220, சூயெட் 150, வெங்காயம் 250, வேகவைத்த சாறு 450 மில்லி. நுரையீரல் இல்லாவிட்டால் பச்சையாக 400 கிராம் இதயம், 250 கிராம் ஈரல், 500 கிராம் நெஞ்சுக்கறி எடுத்தால் வெந்தபின் ஏறக்குறைய அந்த 800 வரும். தூள் உப்பு 20 கிராம் – எடைபோட்டே எடுங்கள், கரண்டிக் கணக்கு உப்புக்கு உப்பு மாறும். கருமிளகு கொரகொரப்பாக இரண்டு டீஸ்பூன், வெள்ளை மிளகுத்தூள் ஒன்று, ஜாதிக்காய் அரை, ஜாதிபத்திரி கால், விருப்பமானால் ஆல்ஸ்பைஸ் அரை. மல்லித்தூள் ஒரு சிட்டிகை சேர்க்கும் கறிக்கடைகளும் உண்டு. இஞ்சி, பூண்டு, கரம் மசாலா என்று கை நீளும். போட்டால் கெட்டுவிடாது, ஆனால் வறுத்த ஓட்மீலின் வாசனை அமுங்கிப்போகும், பிறகு அதை வறுத்ததற்கு அர்த்தமில்லை. முதலில் ஓட்மீலில் சூடான சாற்றை ஊற்றி அரை மணி மூடிவையுங்கள். இதயத்தையும் நுரையீரலையும் (அல்லது நெஞ்சுக்கறியையும்) கறி அரைக்கும் இயந்திரத்தின் நடுத்தரத் துளைத் தட்டில் அரைத்து, ஈரலைத் துருவுங்கள். மிக்ஸியில் சுற்றினால் விழுதாகிவிடும். அரைக்கும் இயந்திரம் இல்லையென்றால் கத்தியால் கொத்துவதே மேல். வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி வதக்கிக்கொள்ளுங்கள், நிறம் ஏற வேண்டாம். எல்லாம் ஆறிய பிறகு கடைசியாகச் சூயெட்டைக் கலக்க வேண்டும். சூடாக இருக்கும்போது போட்டால் அது உருகி, முன்னே சொன்ன எண்ணெய்க் கதையாகிவிடும். கலவையைக் கையில் அள்ளினால் உருண்டையாகச் சேர வேண்டும், சாய்த்தால் மெல்லச் சரிய வேண்டும். கெட்டியாக நின்றால் சாறு போதவில்லை. 450 மில்லி என்பது வழிகாட்டிதான். ஓட்மீல் ஆலைக்கு ஆலை வேறு, கடைசி நூறு மில்லியை உங்கள் கண்தான் முடிவு செய்ய வேண்டும். எழுத்தில் அதற்கு மேல் துல்லியமாகச் சொல்ல வழியில்லை.

முதல் முறை செய்பவர்களுக்கு இரைப்பை வேண்டாம் என்பதே என் கருத்து. வெண்ணெய் தடவிய பாத்திரத்தில் கலவையைப் போட்டு, மேலே வெண்ணெய்த்தாளும் அலுமினியத் தாளும் இறுக்கிக் கட்டி, இட்லிப் பானைபோல் ஆவியில் இரண்டு மணி நேரம் வேகவைக்கலாம். அல்லது வெந்நீர்த் தட்டில் வைத்து 160 டிகிரி ஓவனில் ஒன்றரை மணி. நடுவில் வெப்பமானியைக் குத்தினால் 75 டிகிரியாவது காட்ட வேண்டும். ருசியில் வித்தியாசம் மிகச் சிறிது, வெடிக்கிற பயமும் இல்லை.

உறையில் செய்தே ஆக வேண்டுமென்றால், ஆட்டு இரைப்பையைவிட மாட்டின் பெருங்குடல் முனைப்பை கையாள எளிது. கறிக்கடைக்காரர்கள் பயன்படுத்துவதும் பெரும்பாலும் அதுதான், அல்லது செயற்கை உறை. உப்பில் பதப்படுத்தி விற்பார்கள். ஓர் இரவு குளிர்ந்த நீரில் ஊறவைத்து, நீரை இரண்டு மூன்று முறை மாற்றி, உள்வெளி திருப்பி அலசுங்கள். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. ஓட்மீல் இன்னும் ஊதும், ஊத இடம் வேண்டும். காற்றைப் பிதுக்கி வெளியேற்றி, இடம் விட்டு நூலால் கட்டுங்கள். பாத்திரத்தின் அடியில் ஒரு தட்டைக் கவிழ்த்து, அதன்மேல் ஹேகிஸை வைத்து, கைபொறுக்கும் சூடான நீரில் தொடங்கி மெல்லச் சூடேற்ற வேண்டும். உறை விம்மத் தொடங்கியதும் மெல்லிய ஊசியால் நாலைந்து இடத்தில் குத்திவிடுங்கள். நீர் 85–90 டிகிரியில் அசைந்தால் போதும். ஒன்றரைக் கிலோவுக்கு மூன்று மணி நேரம். வெடிப்பதற்குக் காரணங்கள் எப்போதும் இவைதான்: அதிகம் நிரப்பியது, காற்று அடைபட்டது, கொதிநீரில் சட்டென்று போட்டது, பாத்திரத்தின் அடி உறையைச் சுட்டது. வெடித்துவிட்டால் பதறாமல் வாரி எடுத்து, மூடிய பாத்திரத்தில் ஓவனில் முடித்துவிடலாம். கடையில் வாங்கும் ஹேகிஸ் ஏற்கெனவே வெந்தது, அதைச் சூடாக்கினால் போதும். ஸ்காட்லாந்து உணவகங்களில் மீண்டும் சூடாக்கும் உணவு 82 டிகிரியைத் தொட வேண்டும் என்பது சட்டம். வீட்டில் சட்டமில்லை என்றாலும் உள்ளுறுப்புக் கறிக்கு அதைக் கடைப்பிடிப்பது நல்லது. கர்ப்பிணிகளுக்கு ஹேகிஸ் வேண்டாம். ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம் என்பதால் பிரிட்டிஷ் சுகாதாரத் துறையே தவிர்க்கச் சொல்கிறது.

கூட வைக்கும் நீப்ஸ், டாட்டீஸ் இரண்டில் டாட்டீஸ் உருளைக்கிழங்கு. நீப்ஸ் என்பது மஞ்சள் சதையுள்ள பெரிய டர்னிப் வகை. கடைப் பலகையில் அதன் பெயர் ஸ்வீட் (swede), தமிழில் எழுதினால் மிட்டாய் மாதிரி ஏமாற்றும். இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக்கி அரை மணி வேகவைத்து, வடித்து, வெறும் பாத்திரத்தில் மறுபடி அடுப்பிலேற்றி ஈரம் போகும்வரை புரட்டிய பிறகே மசியுங்கள். வெண்ணெய், வெள்ளை மிளகு போதும். இதைச் செய்யாவிட்டால் தட்டில் மஞ்சள் தண்ணீர் ஓடும், ஹேகிஸும் அதில் ஊறும். விஸ்கி சாஸ் உணவக வழக்கம், வீட்டுக்கு அவசியமில்லை.

எதிலிருந்து தொடங்குவது என்றால், ஹேகிஸிலிருந்து அல்ல. மின்ஸ் அண்டு டாட்டீஸிலிருந்து. கொத்துக்கறிக் குழம்பும் உருளைக்கிழங்கும் சேர்ந்த, ஸ்காட்லாந்து வீடுகளின் அன்றாடச் சாப்பாடு அது. அரைக் கிலோ மாட்டுக் கொத்துக்கறி, பெரிய வெங்காயம் ஒன்று, கேரட் இரண்டு, மாட்டுச்சாறு 400 மில்லி, மீடியம் ஓட்மீல் இரண்டு மேசைக்கரண்டி, ஒரு கரண்டி வுஸ்டர் சாஸ். கெடுவது ஒரே இடத்தில்: சின்ன வாணலியில் மொத்தக் கறியையும் கொட்டினால் அது தன் நீரிலேயே வெந்து சாம்பல் நிறமாகிவிடும். அகல வாணலியை நன்றாகக் காயவைத்து, கறியை இரண்டு தவணையாகப் போட்டு, தொடாமல் விடுங்கள். சளசள என்ற ஓசை அடங்கிச் சடசட என்று மாறும்போது நீர் வற்றிவிட்டது, அதன் பிறகுதான் சிவக்கும். அப்போது புரட்டி, வெங்காயம், கேரட், ஓட்மீல் சேர்த்து, சாறு ஊற்றி, மூடியைச் சற்றுத் திறந்தபடி 50 நிமிடம் சிறு தீயில் விடுங்கள். தக்காளியும் பூண்டும் போட்டால் அது இத்தாலி பக்கம் போய்விடும்.

ஸ்டோவீஸ் அதைவிட எளிது, ஆனால் பொறுமை கேட்கும். ஞாயிற்றுக்கிழமை ரோஸ்ட்டில் மிஞ்சியதைத் திங்களன்று தீர்க்கும் சமையல். ஒரு கிலோ உருளைக்கிழங்கில் பாதியைக் காசுத் தடிமனில் மெலிதாகவும் பாதியை விரல் தடிமனிலும் நறுக்குங்கள். மெலிந்தவை கரைந்து குழம்பாகும், தடித்தவை துண்டாக நிற்கும். ரோஸ்ட்டிலிருந்து வடிந்து உறைந்த கொழுப்பு 50 கிராமில் மூன்று வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கி, கிழங்கை அடுக்கி, 200 மில்லி சாறு மட்டும் ஊற்றி, மூடியை இறுக்கி மிகச் சிறு தீயில் ஒரு மணி நேரம் விடுங்கள். கரண்டி போடாமல் பாத்திரத்தைக் குலுக்க வேண்டும். வெந்த கறி 250 கிராமைக் கடைசிக் கால் மணியில் சேர்த்தால் போதும், முன்னமே போட்டால் நாராகிவிடும். அடியில் கொஞ்சம் பிடிப்பது குறையல்ல, சுரண்டிக் கலந்துவிடுங்கள். ஓட்கேக்கும் வினிகரில் ஊறவைத்த பீட்ரூட்டும் துணை. கறியே வேண்டாம், கொழுப்பு மட்டும் போதும் என்பவர்கள், கார்ன்டு பீஃப் போடுபவர்கள், சாசேஜ் போடுபவர்கள் என்று வீட்டுக்கு வீடு சண்டை உண்டு. எது ‘அசல்’ என்று தீர்ப்புச் சொல்ல முடியாது.

மாவு ஓட்டுக்குள் கறியை அடைத்துச் சுடும் ஸ்காட்ச் பையை (pie) கடைசியாக முயலுங்கள். கொழுப்பையும் நீரையும் கொதிக்கவைத்து மாவில் ஊற்றிப் பிசையும் மேலோடு அது: மைதா 450 கிராம், பன்றிக் கொழுப்பு அல்லது மாட்டுக் கொழுப்பு 150, தண்ணீர் 180 மில்லி, உப்பு ஒரு டீஸ்பூன். ஆறு பை வரும். வெதுவெதுப்பாக இருக்கும்போதே எட்டு ஒன்பது சென்டிமீட்டர் அகலக் கண்ணாடிக் குப்பியைச் சுற்றி வனைந்து, ஃப்ரிட்ஜில் மூடாமல் ஓர் இரவு காயவிட வேண்டும். இந்தக் காயவைத்தலைத் தவிர்ப்பதால்தான் பக்கச் சுவர் சரிந்து விழுகிறது. உள்ளே அரைக் கிலோ ஆட்டுக் கொத்துக்கறி பச்சையாக, உப்பு எட்டு கிராம், வெள்ளை மிளகு ஒரு டீஸ்பூன், ஜாதிபத்திரி அரை. மேல்மூடியை விளிம்புக்கு ஒரு சென்டிமீட்டர் கீழே இறக்கி ஒட்டி, நடுவில் துளையிட்டு, 190 டிகிரியில் 40 நிமிடம். அந்தப் பள்ளம் அழகுக்கல்ல, அதில் கிரேவியோ மசித்த கிழங்கோ போட்டுக்கொள்வார்கள்.

ஹேகிஸ் மிஞ்சினால் ஃப்ரிட்ஜில் இரண்டு நாள், ஃப்ரீசரில் மூன்று மாதம் வைக்கலாம். மறுநாள் காலையில் இரண்டு சென்டிமீட்டர் வில்லைகளாக வெட்டி, எண்ணெய் ஊற்றாத வாணலியில் நடுத்தரச் சூட்டில் வையுங்கள். முதல் நான்கு நிமிடம் தொடக் கூடாது. சூயெட் உருகி ஓரத்தில் கசியும், அடி மொறுமொறுத்ததும் வில்லை தானாகவே வாணலியை விட்டுக்கொடுக்கும். அதற்கு முன்பே கரண்டியால் நெம்பினால் உடைந்து புட்டாகிவிடும். புரட்டி இன்னும் மூன்று நிமிடம், பக்கத்தில் ஒரு பொரித்த முட்டை.